அத்தையைக் கேட்டீர்களா? தந்தை வழியில் வரும் பருவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு மார்பு அரும்பியிருக்கிறது என்று அழைத்துப் போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நீங்க எத்தனை வயசுல வயசுக்கு வந்தீங்கம்மா?" என்பது. அம்மாவுக்கு அது துல்லியமாக நினைவிருக்கும். எந்த வகுப்பு, எந்த மாதம், அன்று யார் வீட்டில் இருந்தார்கள் என்பது வரை சொல்வார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த அப்பாவிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று காட்டிய ஆய்வு ஒன்று 2013 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் உர்சுலா கைசர், பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் அனா கிளாடியா லாட்ரோனிகோ ஆகிய இருவரின் குழுக்களும் சேர்ந்து செய்த வேலை. கட்டுரையின் முதல் ஆசிரியர் அனா பவுலா அப்ரூ. 15 குடும்பங்களைச் சேர்ந்த 40 பேரின் மரபணுக்களை அவர்கள் படித்தார்கள். அதில் 5 குடும்பங்களில் கிடைத்த விடைதான் இங்கே நாம் பார்க்கப்போகும் நிகழ்வு.

சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்?

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினால் அதை முன்கூட்டிய பருவமடைதல் என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. சினைப்பைக் கட்டி, அட்ரினல் கோளாறு போன்ற காரணங்களால் வருவது ஒரு வகை. மூளையே நேரத்துக்கு முன் உத்தரவு போட்டுவிடுவது இன்னொரு வகை. இதை மைய வகை என்பார்கள். அந்த ஆய்வின் குடும்பங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்ப, அவை சினைப்பையை எழுப்புகின்றன. பலருக்கும் தெரியாத விஷயம், இந்த ஏற்பாடு பிறக்கும்போதே தயாராக இருக்கிறது என்பது. பிறந்த முதல் சில மாதங்களில் அது நன்றாகவே ஓடவும் செய்கிறது. பிறகு அடங்கிப்போய், ஏழெட்டு ஆண்டுகள் சத்தமே இல்லாமல் கிடக்கிறது. எனவே பருவமடைதல் என்பது புதிதாக ஒன்று தொடங்குவது என்பதைவிட, அடக்கி வைத்திருந்தது விலகுவது என்று சொல்வதே பொருந்தும். அடக்கி வைத்திருந்தது எது என்பது பல பத்தாண்டுகள் விடை தெரியாத கேள்வி.

துடிப்புதான் முக்கியம் என்பதை 1978-இல் பிட்ஸ்பர்கில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் காட்டியது. மணிக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்எச் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது; இடைவிடாமல் கொடுத்தால் படுத்துவிடுகிறது. இன்று சீக்கிரம் பருவமடையும் குழந்தைகளுக்குப் போடும் ஊசி முழுக்க முழுக்க இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்பது. ஜிஎன்ஆர்எச் போலவே வேலை செய்யும் லூப்ரோலைட் போன்ற மருந்தை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போட்டால் அது விடாமல் தூண்டித் தூண்டியே பிட்யூட்டரியை ஓயச் செய்துவிடும். ஊசியை நிறுத்தியதும் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குழந்தையின் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பது இந்த வழக்குகளில் வழக்கம். ஆறு வயதுக் குழந்தையின் படத்தில் ஒன்பது வயதுக்குரிய எலும்புகள் தெரியும். விரல் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் ஈஸ்ட்ரோஜன் பட்டதும் முதலில் வேகமாக வளர்ந்து, பிறகு சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. இரண்டாம் வகுப்பில் வரிசையின் கடைசியில் உயரமாக நிற்கும் பெண், பத்தாம் வகுப்பில் வரிசையின் முதலில் நிற்பது இதனால்தான். பெற்றோர் பெரும்பாலும் மாதவிடாயை நினைத்துப் பயந்து வருகிறார்கள். மருத்துவர் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்.

பாதித் தெரிந்த பாரம்பரியம்

இது குடும்பத்தில் ஓடுவது என்பது 2013-க்கு முன்பே தெரிந்திருந்தது. இஸ்ரேலில் லியாத் தே வ்ரீஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு காரணம் எதுவும் கிடைக்காத மைய வகை வழக்குகளில் 27.5 விழுக்காடு குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற வகைப் பாரம்பரியம் போலத் தெரிந்தது. ஆனால் மரபணுப் பிழையைச் சுமக்கும் எல்லோருக்கும் வெளிப்படவில்லை, ஆண் பெண் என்பதைப் பொறுத்தும் மாறியது. மரபியலில் "முழுமையாக வெளிப்படாத பாரம்பரியம்" என்று ஒரு சொல்லாட்சி உண்டு. கணக்கு ஒத்துவராத இடத்தில் எல்லாம் அதைப் போட்டு மூடுவது வழக்கம். இங்கும் அப்படித்தான் மூடியிருந்தது.

பருவத்தின் மரபணுக்களில் முதல் பெரிய பிடி 2003-இல் கிடைத்தது, அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. சவூதி அரேபியாவில் நெருங்கிய உறவுக்குள் மணம் முடித்துவந்த ஒரு பெரிய குடும்பத்தில் சிலருக்குப் பருவமே வரவில்லை. அவர்களிடம் ஜிபிஆர்54 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தன. பாஸ்டனில் ஸ்டெஃபனி செமினாரா குழுவும், பிரான்சில் நிக்கோலா தெ ரூ குழுவும் அதே ஆண்டில் தனித்தனியாக இதைக் கண்டார்கள். இந்த மரபணு உருவாக்கும் ஏற்பியில் வந்து உட்காரும் புரதத்துக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் புற்றுநோய் பரவலை ஆராய்ந்தவர்கள் 1996-இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தபோது, ஊரின் புகழ்பெற்ற கிஸ்ஸஸ் சாக்லேட்டை நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பருவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கிஸ்பெப்டின்தான் ஜிஎன்ஆர்எச்சை உசுப்புகிறது என்றால், சீக்கிரம் பருவமடைபவர்களிடம் அது அளவுக்கு மீறி வேலை செய்ய வேண்டும் அல்லவா? தேடினார்கள். 2008-இல் லாட்ரோனிகோ குழு பிரேசிலில் ஒரு சிறுமியிடம் அப்படிப்பட்ட ஒரு மாற்றத்தைக் கண்டது. அவள் தத்தெடுக்கப்பட்ட குழந்தை. பெற்ற குடும்பத்தின் வரலாறு கிடையாது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் தேடியும் அந்த வழியில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆக்சிலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பிரேக்கைப் பார்க்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

ஐந்து குடும்பங்கள்

2013 ஆய்வில், எந்த மரபணு என்ற முன்முடிவு இல்லாமல் எக்ஸோம் வரிசைப்படுத்தல் செய்தார்கள். புரதமாக மாறும் மரபணுப் பகுதிகள் அனைத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை அது. படித்தால் ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் கிடைக்கும். பொதுவாக மக்களிடம் காணப்படுபவற்றைக் கழித்து, புரதத்தைக் கெடுக்காதவற்றைக் கழித்து, குடும்பத்தில் பாதிக்கப்பட்ட அனைவரிடமும் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு சலித்தார்கள். 15 குடும்பங்களில் 5 குடும்பங்கள் ஒரே மரபணுவில் வந்து நின்றன: எம்கேஆர்என்3. மொத்தம் நான்கு வகைப் பிழைகள். அவற்றில் மூன்று, எழுத்து நகர்ந்துபோய்ப் புரதமே பாதியில் முறியும் வகை.

இந்த 5 குடும்பங்களிலும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் 15 பேர், ஆணும் பெண்ணுமாக. பெண் பிள்ளைகளுக்கு ஆறு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு எட்டு வயதை ஒட்டியும் பருவம் தொடங்கியிருந்தது. அவர்கள் அனைவருக்கும் பிழை அப்பாவிடமிருந்து வந்திருந்தது. ஒருவருக்குக்கூட அம்மாவிடமிருந்து வரவில்லை.

அம்மாவிடமிருந்து வந்தாலும் பாதிப்பு உண்டாகும் மரபணுவாக இருந்தால், பதினைந்துக்குப் பதினைந்தும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாக நடக்காது. எம்கேஆர்என்3 இருக்கும் இடத்தைப் பார்த்தபோது காரணமும் தயாராக இருந்தது. அது 15-ஆம் குரோமோசோமில், பிராடர்-வில்லி நோய்க்குறி (அடங்காத பசியும் உடல் பருமனும் தரும் ஒரு பிறவிக் கோளாறு) உண்டாகும் பகுதியில் இருக்கிறது. அங்கே உள்ள பல மரபணுக்களில் அப்பாவின் பிரதி மட்டுமே பேசும். அம்மாவின் பிரதிக்கு வாய்ப்பூட்டு.

வாய்ப்பூட்டு எங்கிருந்து வந்தது?

பள்ளியில் படித்த மெண்டல் விதியில் இதற்கு இடமில்லை. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் சமம் என்றுதான் படித்தோம். 1984-இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்டர் இருவரும் எலியின் கருமுட்டையில் உட்கருக்களை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் தாயிடமிருந்து வந்த உட்கருவாக இருந்தால் கரு பிழைக்கவில்லை. இரண்டும் தந்தையிடமிருந்து வந்தாலும் பிழைக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் போதவில்லை என்றால், சில மரபணுக்களில் "இது தாயினுடையது", "இது தந்தையினுடையது" என்று முத்திரை குத்தப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். மனிதரில் இப்படி முத்திரை பெற்றவை நூற்றுச் சொச்சம். டிஎன்ஏ எழுத்து மாறுவதில்லை. அதன்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் கூட்டு ஒட்டிக்கொள்வதால் அந்தப் பிரதி வாசிக்கப்படாமல் போகிறது.

முத்திரை நிரந்தரமும் இல்லை. ஒரு பெண்ணின் உடலில் முட்டை உருவாகும்போது பழைய முத்திரைகள் எல்லாம் அழிந்து, இருக்கும் இரண்டு பிரதிகளிலும் தாய் முத்திரை விழுகிறது, அதில் ஒன்று அவளுடைய அப்பாவிடமிருந்து வந்ததாக இருந்தாலும். ஆணின் உடலில் விந்தணு உருவாகும்போது அதே போல இரண்டிலும் தந்தை முத்திரை. குடும்ப மரத்தைக் குழப்புவது இந்த அழித்தெழுதல்தான்.

ஆறு வயதில் மார்பு அரும்பிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிழை அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. அப்பாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் அப்பாவும் சீக்கிரமே பருவமடைந்திருப்பார். தாத்தாவின் மகளான அத்தைக்கும் பிழை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவளும் சீக்கிரம் வயதுக்கு வந்திருப்பாள். அத்தையைக் கேட்டால் துப்பு கிடைத்துவிடும். மாறாக, பிழை அப்பாயிடமிருந்து, அதாவது அப்பாவின் அம்மாவிடமிருந்து, வந்திருந்தால் அப்பாவிடம் அது வாய்ப்பூட்டோடு கிடக்கும். அவர் எல்லோரையும் போல உரிய வயதில் வளர்ந்திருப்பார். அத்தைக்கும் ஒன்றும் இருந்திருக்காது. அத்தையின் பிள்ளைகளுக்கும் இருக்காது, அவர்களுக்கு அது தாய் வழி. ஆனால் அப்பாயைக் கேட்டால், அவர் தன் தகப்பனாரிடமிருந்து பெற்றிருக்கும் பட்சத்தில், "எனக்கு ஏழு வயசிலேயே..." என்று ஒரு பழைய கதை வரக்கூடும்.

அந்தப் பெண் வளர்ந்து தாயானால் அவளுடைய பிள்ளைகளுக்கு இது வராது. மகள் வழியாகவே இறங்கிக்கொண்டிருக்கும் வரை பல தலைமுறைகள்கூடச் சத்தமில்லாமல் போகும். என்றைக்கு ஒரு மகன் அதைச் சுமந்து தகப்பனாகிறானோ, அன்றைக்கு அவன் பிள்ளைகளிடம் மீண்டும் தலைகாட்டும். 2004-இல் "முழுமையாக வெளிப்படாத பாரம்பரியம்" என்று எழுதிவைத்ததில் ஒரு பகுதியாவது இதுவாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அது முழுமையாகத்தான் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது, விதி வேறாக இருந்தது. 2014-இல் அதே ஆய்வாளர்கள், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று பதிவான சிறுமிகள் சிலரிடமும் இதே பிழையைக் கண்டு, பெற்றோரைச் சோதித்தார்கள். அங்கும் அப்பாவிடமிருந்துதான்.

இதில் சமூகத்தின் பங்கும் உண்டு. ருது ஜாதகம் கணிக்கும் ஊர் நம்முடையது. பெண்ணுக்குப் பூப்பெய்திய நாழிகை வரை குறித்துவைத்த குடும்பங்கள் உண்டு. பத்திரிகை அடித்துப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டியவர்கள் உண்டு. பையனுக்குக் குரல் உடைந்த நாளை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. ஆணின் பருவத்துக்குத் தேதி கிடையாது. அப்பாவிடம் கேட்டாலும், "எட்டாவது படிக்கும்போதே மீசை அரும்பிடுச்சு" என்ற அளவுக்குத்தான் விடை வரும். அது துல்லியமான விடை இல்லை; ஆனால் கேட்காமல் விடுவதைவிட நூறு மடங்கு மேல்.

பிராடரின் மணிகள்

மருத்துவர்களுக்கு ஆணின் பருவத்தை அளக்க ஒரு கருவி உண்டு. ஒரு கயிற்றில் கோத்த நீள்வட்ட மணிகள், 1 மில்லிலிட்டரிலிருந்து 25 வரை எண் எழுதியிருக்கும். ஒரு கையால் விரையைத் தொட்டுப் பார்த்து, மறு கையால் மணியை ஒப்பிட்டு அளவு சொல்வார்கள். 4 மில்லிலிட்டர் மணிக்குச் சமமானால் பருவம் தொடங்கிவிட்டது. சூரிக் நகரின் குழந்தை மருத்துவர் ஆன்ட்ரியா பிராடர் வடிவமைத்தது. பிராடர்-வில்லி நோய்க்குறியை 1956-இல் லாப்ஹார்ட், வில்லி ஆகியோருடன் முதலில் விவரித்தவரும் இவரே.

எம்கேஆர்என்3 கதையில் தீராத ஒரு சிக்கலும் அந்த நோய்க்குறியில்தான் இருக்கிறது. பிராடர்-வில்லி உள்ளவர்களிடம் 15-ஆம் குரோமோசோமின் தந்தை வழிப் பகுதியே செயல்படுவதில்லை. எம்கேஆர்என்3-உம் சேர்ந்தே போய்விடுகிறது. அப்படியானால் அவர்கள் எல்லோரும் சீக்கிரம் பருவமடைய வேண்டும். நடப்பது நேர்மாறு: பெரும்பாலோருக்குப் பருவம் தாமதமாகிறது, அரைகுறையாக நிற்கிறது. மிகச் சிலருக்கே முன்கூட்டி வருகிறது. அதே பகுதியில் வேறு மரபணுக்களும் சேர்ந்து போவதால் ஹைபோதலாமஸே சரியாக இயங்குவதில்லை. எம்கேஆர்என்3 என்ற தடை நீங்கினாலும் ஓட வேண்டியது ஓடவில்லை என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது.

எம்கேஆர்என்3தான் பிரேக் என்பதற்கு எலிகளில் கிடைத்த சான்று இதைவிடத் தெளிவு. கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் இருக்கும் ஹைபோதலாமஸ் பகுதியில், பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் இந்த மரபணுவின் செயல்பாடு உச்சத்தில் இருக்கிறது. பதினைந்தாம் நாளில் இறங்கத் தொடங்கி, பருவத்துக்குச் சற்று முன் அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. டென்மார்க்கில் சிறுமிகளின் இரத்தத்தில் அளந்தபோதும், பருவம் தொடங்குமுன் இந்தப் புரதத்தின் அளவு குறைவது தெரிந்தது. கிஸ்பெப்டின் மரபணு வாசிக்கப்படுவதையே இது அடக்குகிறது என்பதைக் கைசரின் குழு 2020-இல் காட்டியது. பிறவியிலேயே பிழை இருந்தால் அடக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அடுத்த குடும்பம் 2017-இல் வந்தது, அதுவும் பிரேசிலிலிருந்தே. ஒரே குடும்பத்தின் ஐந்து பெண்கள். முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது, 14-ஆம் குரோமோசோமில் டிஎல்கே1 என்ற மரபணுவின் தொடக்கம் அறுந்துபோயிருந்தது. அந்தப் புரதம் அவர்கள் இரத்தத்தில் கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. டிஎல்கே1-இலும் தந்தையின் பிரதி மட்டுமே பேசும். தனியாகவே பருவத்தை முன்னுக்கு இழுக்கக்கூடிய இரண்டு மரபணுக்கள், இரண்டும் தந்தை வழி.

குடும்பத்திலிருந்து ஊருக்கு

ஐந்து குடும்பங்களில் கண்டதை எல்லாப் பெண்களுக்கும் நீட்டிப் பேசலாமா? இதற்கு ஐஸ்லாந்து கைகொடுத்தது. ரெப்ரோஜென் என்ற கூட்டு முயற்சியில் 57 ஆய்வுகளிலிருந்து 1,82,416 பெண்களின் முதல் மாதவிடாய் வயதையும் மரபணுக்களையும் ஜான் பெரி, கென் ஓங் முதலியோர் சேர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் நேச்சர் இதழில் வந்தது. 106 மரபணு இடங்களில் 123 சமிக்ஞைகள், அதாவது முதல் மாதவிடாய் வயதோடு தொடர்புள்ள டிஎன்ஏ மாற்றங்கள். ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனத்திடம் நாட்டின் வம்சாவளிப் பதிவுகள் இருப்பதால், ஒரு மாற்றம் தாயிடமிருந்து வந்ததா தந்தையிடமிருந்து வந்ததா என்று 35,377 பெண்களில் பிரித்துப் பார்க்க முடிந்தது. எம்கேஆர்என்3, டிஎல்கே1 பகுதிகளில் தந்தையிடமிருந்து வந்த மாற்றத்துக்கு மட்டுமே விளைவு இருந்தது. எந்த நோயும் இல்லாத சாதாரணப் பெண்களிலும் இதே விதி. தாய் வழியில் மட்டும் வேலை செய்யும் ஓர் இடமும் அகப்பட்டது, 8-ஆம் குரோமோசோமில் கேசிஎன்கே9 அருகே. ஆகவே, எல்லாம் அப்பா வழிதான் என்று எதிர்ப்பக்கம் சாயவும் கூடாது. முத்திரை இல்லாத மற்ற நூறு இடங்களில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சரி பங்கு.

இந்த இடங்கள் ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. 2009-இல் நான்கு குழுக்கள் ஒரே சமயத்தில் கண்ட முதல் இடம் 6-ஆம் குரோமோசோமில் லின்28பி அருகே. அங்கே ஒரு பிரதி மாறினால் முதல் மாதவிடாய் சுமார் ஆறு வாரம் முன்பின் ஆகிறது. (இதன் உறவுக்கார மரபணு மண்ணில் வாழும் ஒரு நுண்புழுவில் 1984-இலேயே தெரியும், அதில் பிழை வந்தால் புழுவின் வளர்ச்சிக் கட்டங்கள் காலம் தப்பி நடக்கும். ஒரு மில்லிமீட்டர்ப் புழுவும் மனுஷியும் காலக் கணக்குக்கு ஒரே குடும்பத்து மரபணுவைப் பயன்படுத்துவது எனக்கு இன்றும் வியப்பு.) 2024-இல் வந்த ஆய்வில் ஏறத்தாழ 8 லட்சம் பெண்கள், 1,080 சமிக்ஞைகள். அத்தனையும் கூட்டினால் பெண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 11 விழுக்காடு விளங்குகிறது.

இரட்டையர் ஆய்வுகள் முதல் மாதவிடாய் வயதின் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபு என்கின்றன. இதை வைத்துக்கொண்டு "எல்லாம் ஜீன்ல எழுதியிருக்கு" என்று பேசுபவர்களுக்குச் சுவீடனிலிருந்து ஒரு தகவல். இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அங்கே வளர்ந்த சிறுமிகளை லெம் ப்ரூஸ் குழு ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டது. அவர்களுடைய முதல் மாதவிடாயின் இடைநிலை வயது 11.6, சுவீடன் சிறுமிகளுக்குச் சுமார் 13. இந்தியாவில் வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடவும் இது முந்தியது. மரபணு மாறவில்லை. ஆரம்ப வயதில் சாப்பாடு போதாமல் இருந்து, பிறகு திடீரென்று நிறையக் கிடைத்து வேகமாக வளர்ந்ததுதான் மாறியது. ஒரே சூழலில் வளர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதை மரபணு பெரிதும் தீர்மானிக்கலாம். அந்தக் கூட்டமே எந்த வயதில் நிற்கும் என்பதைச் சோறும் வாழ்க்கையும் தீர்மானிக்கின்றன.

முதல் குழந்தை பெறும் வயதுக்கும் மரபணு இடங்கள் கண்டிருக்கிறார்கள். படிப்பு, திருமணம், வேலை, கருத்தடை எல்லாம் கலந்த ஒன்றில் அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடந்து போகிறேன்.

மறுமுனையிலும் அப்பா

மாதவிடாய் நிற்கும் வயது வேறு கதை. பருவம் மூளையின் வேலை. நிற்பது சினைப்பையின் வேலை. பெண் சிசு கருவில் ஐந்து மாதமாக இருக்கும்போது 60, 70 லட்சம் முட்டைகள். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். ஆயிரத்துக்கும் கீழே இறங்கும்போது மாதவிடாய் நிற்கிறது. 2021-இல் சுமார் 2 லட்சம் பெண்களை வைத்து வந்த ஆய்வு 290 இடங்களைக் காட்டியது. அவற்றில் பல டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் மரபணுக்களின் அருகே. செக்2 என்ற மரபணு, சேதமான முட்டையைக் கழித்துவிடச் சொல்லும் கண்காணி. அதன் ஒரு பிரதி கெட்டிருக்கும் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக மூன்றரை ஆண்டு தாமதமாக நிற்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். அதே பிழை மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதாக ஏற்கெனவே அறியப்பட்டது.

அப்பாவின் பக்கம் மீண்டும் திரும்ப வேண்டியது எஃப்எம்ஆர்1 மரபணுவுக்காக. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 200-க்கு மேல் போனால் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற அறிவுத்திறன் குறைபாடு. 55-இலிருந்து 200 வரை இருப்பவர்களுக்கு அது வருவதில்லை. ஆனால் அப்படிச் சுமக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. பொதுவாக இது நூற்றில் ஒருவருக்கு. சுமக்கும் ஆண், தன் ஒரே எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறார், ஒரு மகனுக்கும் கொடுப்பதில்லை. அவருக்கே ஐம்பதைத் தாண்டியபின் கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரலாம். இந்தத் தொடர்பை ஹாகர்மன் தம்பதியர் 2001-இல் வெளியிட்டார்கள். மகள் 34 வயதில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருப்பாள்; அப்பா காபி டம்ளரை நடுங்காமல் பிடிக்க முடியாமல் நரம்பு மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பார். இரண்டு கோப்புகளும் இரண்டு மருத்துவமனைகளில் கிடக்கும். மகளிடம், "உங்க அம்மாவுக்கு எப்போ நின்னுச்சு?" என்று கேட்டால், "ஐம்பத்திரண்டுல" என்பாள். எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

என்ன மாறியிருக்கிறது?

எம்கேஆர்என்3 பிழை இருப்பது தெரிந்தாலும் சிகிச்சை மாறுவதில்லை. அதே ஊசி, அதே எக்ஸ்ரே. எல்லா நாட்டிலும் இது ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை; கொரியாவில் தேடியபோது மிகக் குறைவாகவே அகப்பட்டது. எனவே சீக்கிரம் பருவமடைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணுச் சோதனை எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தந்தை வழியில் இன்னொருவருக்காவது இருந்தால், அல்லது தந்தை வழி வரலாறே தெரியாமல் குழந்தைக்கு ஆறு வயதுக்குள் தொடங்கியிருந்தால் எழுதலாம். பிழை உறுதியானால் மூளையில் கட்டி இருக்குமோ என்ற பதற்றம் பெருமளவு குறைகிறது.

அடுத்து வருவது உறவினருக்குத் தெரிவிப்பது, இதில்தான் முத்திரைக் கணக்கு பயன்படுகிறது. பிழையைச் சுமக்கும் அப்பாவின் மற்றப் பிள்ளைகளுக்கு, மகனானாலும் மகளானாலும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியப்பா, சித்தப்பா சோதித்துக்கொண்டு, அவர்களிடமும் இருந்தால் அவர்களின் பிள்ளைகளையும் ஐந்து வயதிலிருந்தே உயரம் அளந்து கவனிக்க வேண்டும். அத்தையிடம் பிழை இருந்தாலும் அத்தை பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அத்தை மகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும்போது இந்தக் கோப்பை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.